சிங்கப்பூர்ச் சம்பளத்துக்கு எத்தனை பவுன்?

புதுக்கோட்டை, அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கத்து ஊர்களில் சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்தவரிடம் முதலில் சுகம் விசாரிப்பார்கள். அடுத்த கேள்வி, "இப்ப வெள்ளி என்ன போகுது?" வெள்ளி என்பது சிங்கப்பூர் டாலர். 2005-ல் இதற்குப் பதில் 26 ரூபாய்ச் சொச்சம். 2010-ல் 33. 2015-ல் 46. 2020-ல் 53. 2025-ல் 66. ஒவ்வொரு முறை எண் ஏறும்போதும் கேட்டவர்கள் முகம் மலர்கிறது. அங்கே சம்பளம் ஒரு காசு கூடாமலேயே இங்கே வந்து விழும் ரூபாய் கூடிவிட்டதே என்ற மலர்ச்சி.

அந்த மலர்ச்சியின் அடியில் ஒரு பெரிய கணக்குப் பிசகு கிடக்கிறது. இருபது ஆண்டுகளாக அது எங்கள் பக்கத்து இளைஞர்களின் வாழ்நாளைச் சத்தமில்லாமல் நீட்டித்து வாங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு நாட்டுச் சம்பளத்தை ஒப்பிட வேண்டுமென்றால் நாணய மாற்று விகிதத்தால் பெருக்கினால் போதும் என்று நாம் நம்புகிறோம். பெருக்கி வந்த தொகையை எதில் செலவழிக்கப்போகிறோம் என்பதால் வகுக்க மறந்துவிடுகிறோம்.

கணக்குக்காக ஒருவரை எடுத்துக்கொள்வோம். வேலை கட்டுமானம். வருடம் 2005. நாள் சம்பளம் 18 வெள்ளி. அந்நாளில் ஒர்க் பெர்மிட்டில் புதிதாகப் போனவர்களுக்கு வெகு சாதாரணமாக இருந்த தொகை இது. 26 நாளைக்கு 468 வெள்ளி. அதுதான் பேசிக். அதை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் ஊருக்குப் பணம் போட முடியாது, ஆகவே ஓ.டி. மாதம் 60, 70 மணி நேரம் கூடுதலாக உழைத்தால் 700 வெள்ளி தேறும். ஓ.டி.க்குச் சட்டம் வைத்திருக்கும் மாத உச்சவரம்பே 72 மணிதான் என்பதிலிருந்து அந்த உழைப்பின் அளவைப் புரிந்துகொள்ளலாம். சாப்பாடு, போன் கார்டு, சோப்பு, ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவான தேக்கா போய்வரும் செலவு எல்லாம் சேர்த்து 200. ஊருக்குப் போட மிஞ்சுவது 500 வெள்ளி. ரூபாயில் 13,250.

அடுத்து 2025. விலைக் கணக்கில் இனி 'இன்று' என்பது அந்த ஆண்டுதான். புதிதாகப் போகிறவருக்கு நாள் சம்பளம் 20 முதல் 24 வெள்ளி. சில ஆண்டு அனுபவம் இருந்தால் 26, 28. தாராளமாக 26 என்றே வைப்போம். ஓ.டி.யோடு மாதம் 1,000 வெள்ளி. கேட்டரிங் சாப்பாடு, கைப்பேசி, மற்றதெல்லாம் 300. ஊருக்கு 700 வெள்ளி. ரூபாயில் 46,200.

13 ஆயிரத்திலிருந்து 46 ஆயிரம். மூன்றரை மடங்கு. இந்த எண்ணைக் கேட்டுத்தான் டெஸ்ட் அடிக்க, அதாவது சிங்கப்பூர் வேலைக்கான திறன் தேர்வில் உட்கார, பையன்கள் கிளம்புகிறார்கள்.

இதையே நகைக்கடை வாசலில் நின்று கணக்குப் போடுவோம். 2005-ல் ஆபரணத் தங்கம் பவுன் சுமார் 5,000 ரூபாய். அன்றைய 13,250-க்கு இரண்டரைப் பவுனுக்கு மேலேயே வரும். 2025 ஜனவரியில் பவுன் 60,000-ஐத் தாண்டியது. அக்டோபரில் 90,000-ஐயும் கடந்தது. இன்றைய 46,200-க்கு அரைப் பவுன்தான் வரும். தங்கைக்கோ மகளுக்கோ 20 பவுன் சேர்க்க அன்று எட்டு மாதம் போதும். இன்று 39 மாதம் வேண்டும். மூன்றே கால் வருடம்! அதுவும் ஒரு மாதச் சம்பளம்கூட வேறெதற்கும் போகாமல் இருந்தால்.

இதில் ரூபாயின் சரிவு ஒரு பங்குதான். 2005-ல் உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் சராசரி 445 அமெரிக்க டாலர். 2025 அக்டோபரில் 4,000 டாலரைத் தாண்டியது. டாலரில் ஒன்பது மடங்கு. டாலருக்கு எதிராக ரூபாயின் மதிப்பு இதே காலத்தில் பாதியானது. ஒன்பதை இரண்டால் பெருக்கினால் வரும் பதினெட்டு மடங்குதான் 5,000-ஐ 90,000 ஆக்கியது. சிங்கப்பூர் வெள்ளியிலேயே சேர்த்துவைத்து, தேக்காவிலேயே நகை வாங்கி வந்தாலும் தப்பிக்க முடியாது. வெள்ளிக் கணக்கிலும் தங்கம் ஏறத்தாழ ஏழு மடங்கு ஏறியிருக்கிறது. நாள் சம்பளமோ 18-லிருந்து 26.

தங்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவது நியாயமாகாது. அரிசியால் வகுத்துப் பார்த்தேன். 2005-ல் நல்ல பொன்னி அரிசி கிலோ 17 ரூபாயை ஒட்டி விற்றது. இன்று 58 ரூபாயை ஒட்டி. அன்று ஊருக்கு வந்த பணத்தில் 780 கிலோ, இன்று 800 கிலோ. இருபது ஆண்டு ஓ.டி., இருபது ஆண்டு நாணயச் சரிவு, எல்லாம் கூடி அரிசிக் கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கவைத்திருக்கிறது. சிமென்ட்டால் வகுத்தால் விடை வேறு: அன்று மூட்டை 155 ரூபாய், 85 மூட்டை; இன்று 350 என்று வைத்தால் 132 மூட்டை. இதில் நிச்சயம் முன்னேற்றம்தான். அந்த சிமென்ட்டைப் பூசும் கொத்தனார் கூலியால் வகுத்தால் மறுபடி இறக்கம். அன்று 225 ரூபாய் வாங்கியவரை 58, 59 நாள் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்; இன்று 1,000 ரூபாய், 46 நாள். போன் பேச்சால் வகுத்தால் விடையே கிடையாது. பத்து வெள்ளிக் கார்டை நிமிடம் எண்ணிச் சுரண்டிய காலம் போய், மனைவி சமைக்கும் அடுப்பங்கரையை டோம் என்னும் தொழிலாளர் விடுதியில் படுத்துக்கொண்டே வீடியோவில் பார்க்கலாம். கடனும் சற்று இலகுவாகியிருக்கிறது: அன்று ஒன்றரை, இரண்டு லட்சம் ஏஜென்ட் காசை அடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, இன்று மூன்றரை லட்சமே ஆனாலும் எட்டு மாதத்தில் அடைக்க முடியும், வட்டி கழுத்தை நெரிக்காவிட்டால்.

ஆக, அதே பணத்துக்கு ஆறு விடைகள். எது உண்மை என்றால், அந்தக் குடும்பம் எதை வாங்கத் துடிக்கிறதோ அதுதான் அந்தக் குடும்பத்துக்கு உண்மை. எங்கள் மாவட்டங்களில் சிங்கப்பூர் போவது அரிசிக்காக அல்ல. ரேஷனில் அரிசி 2011 ஜூன் முதல் விலையில்லாமல் வருகிறது. போவது நகைக்கும் மனைக்கும் வீட்டுக்கும் பிள்ளையின் ஆங்கிலப் பள்ளிக்கும். இவற்றில் வீட்டின் சிமென்ட்டைத் தவிர மற்றதெல்லாம் சம்பளத்தைவிட வேகமாக ஓடியவை.

மனை விலையைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். பேருந்து நிற்கும் சாலையை ஒட்டிய மனைக்கு எங்கள் பக்கம் கேட்கும் விலைக்கு அங்கே விளையும் விளைச்சல் காரணமல்ல, தொழிற்சாலையும் காரணமல்ல. வெளிநாட்டுப் பணமே காரணம். ஒரே ஊரிலிருந்து ஐம்பது பேர் போய், ஐம்பது பேரும் அதே சாலையோரத்தில் ஐந்து சென்ட் வாங்க நினைத்தால் விலை ஏறாமல் என்ன செய்யும்? முதலில் போனவர் வாங்கிய விலை இரண்டாவது ஆளுக்குக் கிடைப்பதில்லை. அண்ணன் நான்கு வருடத்தில் வாங்கிய மனையைத் தம்பி பத்து வருடத்தில் வாங்குகிறான். ஒரு தலைமுறை அனுப்பிய பணம் அடுத்த தலைமுறைக்கு விலைவாசியாக வந்து நிற்கிறது. இந்த ஏற்றத்தை எந்த நாணய மாற்று விகிதமும் காட்டாது.

பொருளாதார அறிஞர்களுக்கும் இந்தச் சிக்கல் புதிதல்ல. மாற்று விகிதத்தை வைத்து நாடுகளின் வருமானத்தை ஒப்பிட்டால் ஏழை நாடு உள்ளதைவிட ஏழையாகத் தெரியும் என்பதால்தான் 1968-ல் ஐ.நா.வின் புள்ளியியல் துறையும் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் சேர்ந்து, நாட்டுக்கு நாடு ஒரே கூடைப் பொருளை விலை கேட்டு எழுதும் வேலையைத் தொடங்கின. இன்று உலக வங்கி அதை நடத்துகிறது. வாங்கும் திறன் சமன் என்று செய்தித்தாள்களில் வருவது அந்தக் கணக்குத்தான். அதன்படி 2017-ல் அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைத்தது இந்தியாவில் 20 ரூபாய் 65 காசுக்குக் கிடைத்தது. வங்கியில் அன்று டாலர் 65 ரூபாய். முடி திருத்துவது, துணி தைப்பது, ஆட்டோ ஓட்டுவது, பாடம் சொல்லித்தருவது எல்லாம் இங்கே மலிவு. காரணம், அவற்றைச் செய்பவரின் கூலி குறைவு. பேலா பலாசா, பால் சாமுவேல்சன் இருவரும் 1964-ல் தனித்தனியாக இதை விளக்கினார்கள்: கப்பலேறும் பொருளின் விலை உலகமெங்கும் ஒன்றையொன்று நெருங்கும், கப்பலேறாத உழைப்பின் விலை அந்தந்த நாட்டின் கூலியோடு நிற்கும்.

வெளிநாட்டில் சம்பாதித்து ஊரில் செலவழிக்கும் ஏற்பாடு முழுக்க இந்த இடைவெளியில்தான் உயிர்வாழ்கிறது. ஆனால் அந்தக் கூடை சராசரி இந்தியரின் கூடை. சிங்கப்பூர்க்காரர் வீட்டுக் கூடையில் கப்பலேறும் பொருள் அதிகம்: தங்கம், கைப்பேசி, டீசல், டைல்ஸ், இரு சக்கர வண்டி. மலிவான உழைப்பும் மெல்ல மலிவாக இல்லாமல் போகிறது. நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கிய 2006-ல் தமிழ்நாட்டில் அதன் நாள் கூலி 80 ரூபாய். 2025-26-க்கு அறிவித்தது 336 ரூபாய். நான்கு மடங்குக்கு மேல். சிங்கப்பூர் நாள் சம்பளத்தை ரூபாயாக்கிப் பார்த்தால் இதே காலத்தில் சுமார் மூன்றேகால் மடங்கு. உள்ளூர்க் கூலி நடந்து வந்து எட்டிப்பிடிக்கிறது.

எவ்வளவு எட்டியிருக்கிறது? 225 ரூபாய்க் கொத்தனார் 2005-ல் மாதம் 22 நாள் வேலை பார்த்தால் 4,950. சிங்கப்பூரிலிருந்து வந்தது 13,250. இரண்டே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு. இன்று 22,000-க்கு எதிரே 46,200. இரண்டு மடங்குச் சொச்சம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே வேலை படுத்துவிடும், அங்கே மழையிலும் சம்பளம் உண்டு. இதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேர்மையாகாது. ஆனால் இங்கே உள்ள கொத்தனார் இரவு வீட்டுக்கு வருகிறார். அதற்கு விலை போட எனக்குத் தெரியவில்லை, போடவும் விருப்பமில்லை.

இந்த ஒப்பீடு நம் தலைமுறையில் பிறந்ததல்ல. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1867 வரை இந்திய ரூபாய்தான் அதிகாரபூர்வ நாணயம். பிறகு வெள்ளி வந்தது. 1906-ல் அந்த வெள்ளியை இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸுக்குக் கட்டினார்கள். ரூபாய் அப்போது ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ். கணக்குப் போட்டால் ஒரு வெள்ளிக்கு ஒன்றே முக்கால் ரூபாய்! 1927-ல் ரூபாயை ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸாக உயர்த்தியபோது அதுவும் குறைந்து ஒன்றரை ரூபாய்ச் சொச்சத்தில் வந்து நின்றது. 2025-ல் 66 ரூபாய்க்குக் கிளம்பினார்கள். அன்று ஒன்றே முக்கால் ரூபாய்க்கும் கிளம்பினார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஆள் சேர்க்கும் கங்காணியோடு கப்பலேறியவர்களை இழுத்தது மாற்று விகிதம் அல்ல. காவிரிப் படுகையில் கூலியின் பெரும்பகுதி நெல்லாக, அதுவும் அறுவடையை ஒட்டி, மிராசுதார் மனம்போல அளக்கப்பட்டது. அங்கே காசாக, மாதாமாதம் கைக்கு வந்தது. சாதி குனியவைத்த முதுகுகளுக்கு அந்தக் காசு வெறும் காசாக இருக்கவில்லை.

அந்தக் காலத்தில் செய்யப்பட்ட ஒரு காரியம் இன்றும் என்னை வியக்கவைக்கிறது. மலாயாவில் 1920-களில் இந்தியத் தொழிலாளருக்கு நியமக் கூலி நிர்ணயிக்கும்போது, ஒரு தொழிலாளிக் குடும்பத்துக்கு மாதம் என்ன செலவாகும் என்று பகுதிவாரியாகப் பட்டியல் போட்டார்கள்: அரிசி, உப்பு, மிளகாய், எண்ணெய், துணி, ஊருக்கு அனுப்புவது உட்பட. அந்தப் பட்டியலிலிருந்து கூலி வந்தது: ஆணுக்கு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. தோட்ட முதலாளிகளின் நன்மைக்காக இயங்கிய காலனி அரசாங்கம்தான் அது. அந்த 50 காசு நியாயமான கூலி என்று நான் சொல்ல வரவில்லை. 1930-களின் மந்தத்தில் ரப்பர் விலை விழுந்ததும் அதையும் வெட்டினார்கள், ஆயிரக்கணக்கானோரைக் கப்பலில் திருப்பி அனுப்பினார்கள். இந்திய அரசு வி.எஸ். சீனிவாச சாஸ்திரியாரை 1936 இறுதியில் அனுப்பி நிலைமையை ஆராய்ந்தது. பழைய 50 காசு திரும்பி வந்தது. 1938-ல் மறுபடி அதைக் குறைக்கவும், உதவியோடு அனுப்பும் குடியேற்றத்தை இந்தியா நிறுத்தியது. கூலி விழுந்தால் ஆள் அனுப்பமாட்டேன் என்று அடிமைப்பட்ட நாடு ஒன்று சொன்னது. சுதந்திர இந்தியா சிங்கப்பூரிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி அந்தக் கரைக்குப் போவோம். எக்கனாமிஸ்ட் ஆய்வுப் பிரிவு ஆண்டுதோறும் வெளியிடும் வாழ்க்கைச் செலவுப் பட்டியலில் 2014-ல் சிங்கப்பூர் உலகிலேயே விலை அதிகமான நகரமாக வந்தது. பிறகும் பலமுறை முதலிடம். 2023-ல் சூரிக்கோடு சேர்ந்து. அந்தச் செய்தி வரும்போதெல்லாம், இவ்வளவு விலை உள்ள ஊரில் 26 வெள்ளியில் எப்படி வாழ்கிறார்கள் என்று ஊரில் கேட்பார்கள். அவர்கள் அந்த நகரத்தின் விலையில் வாழவில்லை. கார் வாங்கும் உரிமைச் சீட்டுக்கே லட்சம் வெள்ளி ஆகும் நகரத்தில் அவர்கள் லாரியின் பின்புறம் உட்கார்ந்து வேலைக்குப் போகிறார்கள். வாடகை அவர்கள் கணக்கில் இல்லை. டோமில் ஓர் அறையில் பன்னிரண்டு, பதினாறு கட்டில்களில் ஒன்று அவர்களுடையது. விடியுமுன் கட்டிவந்த கேட்டரிங் சோற்றை மதியம் தின்கிறார்கள். 2020-ல் கொரோனா அந்த அறைகளுக்குள் புகுந்தபோது டோம்களில் இருந்த மூன்று லட்சத்துச் சொச்சம் பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்றியிருந்ததை அந்நாட்டு அரசே அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. மலிவான படுக்கையின் முழு விலை அப்போது தெரிந்தது.

முதலாளிக்கு அவர்கள் மலிவா என்றால், அதுவும் இல்லை. கட்டுமானத் துறையில் ஒவ்வொரு வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் முதலாளி அரசுக்கு மாதாமாதம் லெவி கட்ட வேண்டும். 2024 ஜனவரி முதல் உயர் திறன் பிரிவில் 500 வெள்ளி, அடிப்படைத் திறன் பிரிவில் 900 வெள்ளி. டோமில் ஒரு கட்டிலுக்கு இப்போது 450 வெள்ளிக்கு மேல் போகிறது. அதாவது அடிப்படைத் திறன் பிரிவில் இருக்கும் ஒருவருக்குப் பேசிக் சம்பளம் 600 சொச்சம், அவர் தலைக்கு அரசுக்குப் போவது 900. அவருடைய உழைப்பின் விலை என்று முதலாளி கொடுக்கும் தொகையில் பெரும்பங்கு அவர் கைக்கு வருவதேயில்லை. லெவியைச் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் லெவி ஏறும்போது சம்பளம் ஏற இடமில்லாமல் போவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. இரண்டு நாட்டுக் கூலியை ஒப்பிடுகிறவர்கள் இந்த நடுப்பங்கைப் பார்ப்பதே இல்லை.

சிங்கப்பூரர்களின் வருமானம் நின்ற இடத்தில் நிற்கவில்லை. முழுநேர வேலையில் இருக்கும் குடியிருப்பாளர்களின் இடைநிலை மாத வருமானம், முதலாளியின் சேமநிதிப் பங்கையும் சேர்த்து, 2006-ல் 2,500 வெள்ளிக்குள் இருந்தது. 2024-ல் 5,500. இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. உள்ளூர்க்காரரை முழுநேர வேலையில் வைத்திருப்பதாகக் கணக்குக் காட்ட அவருக்குக் குறைந்தது 1,600 வெள்ளியாவது கொடுக்க வேண்டும் என்பது 2024 ஜூலை முதல் விதி. வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அப்படி ஒரு அடித்தளம் இல்லை. அதே கட்டடம், அதே வெயில், 18-லிருந்து 26. இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. அந்த நகரத்தின் விமான நிலையமும் சுரங்க ரயிலும் அடுக்குமாடிகளும் யாருடைய தோளில் எழுந்தன என்று அந்த நகரத்துக்கு நன்றாகத் தெரியும்.

டிப்ளமோவும் பொறியியலும் படித்த பிள்ளைகளின் கதை வேறு. நடுத்தரத் திறன் வேலைக்கான எஸ் பாஸில் போகிறவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 செப்டம்பர் முதல் 3,300 வெள்ளி. ரூபாயில் இரண்டே கால் லட்சத்தை ஒட்டி. கேட்கவே பெருமையாக இருக்கும். ஆனால் அவருக்கு டோம் கட்டில் இல்லை. அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டும், சாப்பாடும் போக்குவரத்தும் நகரத்தின் விலைதான். மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொள்ள நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி வேண்டும். ரூபாயாக்கினால் நாலு லட்சம்! அதை எட்டி, குடும்பத்தை அழைத்து, தனி வீடு எடுத்த மறுமாதமே வாடகை பாதியை விழுங்கிவிடுகிறது. செலவு எந்த நாட்டில் நடக்கிறதோ அந்த நாட்டின் ஏழை, பணக்காரர் வரிசையில்தான் அவர் நிற்கிறார். 66-ஆல் பெருக்குவதற்கு அங்கே வேலையே இல்லை. நாலு லட்சம் சம்பளக்காரர் என்று ஊர் நினைத்துக்கொண்டு திருவிழா வரிக்கும் திருமண மொய்க்கும் நீட்டும் நோட்டுப் புத்தகம் மட்டும் பெருக்கிய தொகையையே நம்புகிறது.

பணம் ஊர் வந்து சேரும் வழிதான் முழுசாக மாறியது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937-ல் தொடங்கிய நாளிலேயே காரைக்குடியோடு ரங்கூனிலும் கிளை திறந்தது. கடல் கடந்த பணத்துக்கென்றே பிறந்த வங்கி அது. வங்கியை நம்பாதவர்கள் உண்டியல் என்னும் தனியார் பணமாற்று வழியை நம்பினார்கள். 2023 பிப்ரவரியில் உடனடிப் பணப் பரிமாற்ற முறைகளான இந்தியாவின் யு.பி.ஐ.யையும் சிங்கப்பூரின் பே நவ்வையும் இணைத்தார்கள். டோமில் அனுப்பினால் வீட்டில் தேநீர் ஆறுமுன் வந்துவிடுகிறது. அனுப்பும் செலவு குறைந்தது தொழிலாளிக்கு உண்மையான சம்பள உயர்வு. அதே வேகத்தில் கேட்கும் கைகளும் பெருகிவிட்டன என்பதும் உண்மை. மாதம் ஒருமுறை வந்த பணம் வாரம் மூன்று தடவை கேட்கப்படுகிறது.

இன்னொரு மாற்றம் எங்கள் ஊர்ச் சாலையிலேயே தெரிகிறது. சிங்கப்பூர்ப் பணத்தில் எழும்பும் வீட்டுக்குச் சாரம் கட்டுகிறவர் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர். 2024-25-ல் நூறு நாள் வேலைக்குப் பீகாரில் 245 ரூபாய், தமிழ்நாட்டில் 319 ரூபாய். அவரும் இரண்டு ஊர்க் கூலியை ஒப்பிட்டுத்தான் ரயிலேறினார். அவரும் தகரக் கொட்டகையில் படுத்து, இங்கே குறைவாகத் தின்று, அங்கே மனை வாங்கப் பணம் அனுப்புகிறார். சிங்கப்பூரில் நம் பிள்ளைகளுக்கு நாம் கேட்கும் நியாயத்தை இவருக்கு நம் ஊரில் யார் கொடுக்கிறார்கள்? டோமின் நெரிசலைக் கண்டு கலங்குகிற நாம், நம் வீட்டுக் கட்டுமானத்துக்கு வந்தவர் எங்கே குளிக்கிறார் என்று கேட்பதில்லை.

போக வேண்டாம் என்று யாரிடமும் சொல்ல எனக்கு உரிமையில்லை. சிங்கப்பூர்ப் பணம் இல்லாமல் எங்கள் பக்கத்தில் எத்தனையோ குடிசைகள் குடிசைகளாகவே இருந்திருக்கும், எத்தனையோ பெண்பிள்ளைகள் கல்லூரி வாசலை மிதித்திருக்கமாட்டார்கள். கேட்பதெல்லாம் கிளம்புமுன் ஒரு நல்ல கணக்கு. சிங்கப்பூர் மனிதவள அமைச்சு வேலை அனுமதிக்கு முன் தரும் ஐ.பி.ஏ. கடிதத்தில் பேசிக் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். தொழிலாளியின் தாய்மொழியில் அதைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஏஜென்ட் வாயால் சொல்லும் "ஓ.டி.யோட ஆயிரம் வெள்ளி" அதில் இருக்காது. இருக்கும் பேசிக்கை மட்டும் எடுத்து, சாப்பாட்டைக் கழித்து, தனக்கு வேண்டியது பவுனா, மனையா, கடன் அடைப்பா என்று பார்த்து அதனால் வகுத்தால், எத்தனை மாதம் என்று வரும். அந்த மாதங்களைத் தன் வயதோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

இதை ஒவ்வொரு பையனும் தனியாகப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அயலகத் தமிழர் நலனுக்கென்று தமிழ்நாடு அரசில் ஒரு துறை இருக்கிறது. நாடுவாரியாக, வேலைவாரியாக, நடப்பில் உள்ள பேசிக் என்ன, டோம் பிடித்தம் என்ன, சாப்பாட்டுச் செலவு என்ன, ஏஜென்ட்டுக்குச் சட்டப்படி எவ்வளவு, மிச்சம் இந்த மாவட்டத்தில் எவ்வளவு சிமென்ட், எவ்வளவு பவுன் என்று ஆண்டுக்கொரு பட்டியலை அது வெளியிடலாம். நூறு ஆண்டுக்கு முன் மலாயாவின் காலனி அதிகாரிகள் உப்பையும் மிளகாயையும் எண்ணிப் போட்ட பட்டியலை நம் அரசால் போட முடியாதா? திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையத்தில், புறப்பாட்டுக் கவுன்டருக்கு எதிரில் அதை ஒட்டுவதில் பயனில்லை. அங்கே வருபவர் ஏற்கெனவே கடன் வாங்கிவிட்டார். ஐ.டி.ஐ.க்களிலும், பாலிடெக்னிக்குகளிலும், டெஸ்ட் அடிக்கப் பயிற்சி கொடுக்கும் மையங்களின் வாசலிலும் அது தொங்க வேண்டும், கட்டணம் கட்டும் ஜன்னலுக்கு முன்னால்.